துவைக்கக் கூடாத துணிகள்

என் நாத்தனாருக்குத் தூக்கம் வராது. ஆனால் தினமும் மத்தியானம் பத்தொன்பது பிள்ளைகளைத் தூங்கவைப்பதுதான் அவள் வேலை. இதைக் கேட்டால் எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதில்லை. அவள் தூக்கத்தைக் கெடுத்தவள் நான்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். நடுநடுவே அழகுபடுத்தப் பார்ப்பாள், நான் விடுவதில்லை.

நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் போனபோது நாத்தனாருக்கு ஆறு வயது. அவள் அம்மா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அம்மாவின் பழைய சேலை ஒன்றைச் சுருட்டிக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் படுப்பாள். நான் புது மருமகள். வீட்டைப் பளிச்சென்று வைத்து நல்ல பெயர் வாங்க வேண்டாமா? மூன்றாம் நாளே அந்தச் சேலையை ஊறவைத்து, கும்மி, அலசி, வெயிலில் காயப்போட்டு, மடிப்புக் கலையாமல் அவள் கையில் கொடுத்தேன். முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள். இன்னொரு முறை மோந்தாள்.

"அம்மா போயிட்டாங்க" என்றாள்.

அழவில்லை. ஒரு மாதம் என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் கோழித்தூக்கம். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அழுக்குத் துணியைத் துவைத்ததற்கு உலகத்தில் யாராவது மன்னிப்புக் கேட்பார்களா?

இப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு. நாங்கள் இரண்டு பேரும் ஒரே குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறோம். நீளமான ஒற்றைக் கட்டடம். முன்னால் விளையாடும் அறை, அடுத்து சாப்பிடும் அறை, கடைசியில் தூங்கும் அறை. அதை ஒட்டி என் துவைக்கும் அறை. நடுவில் ஒரு கதவு, அதில் மேல்பாதி கண்ணாடி. வேலை தேடி எங்கெங்கிருந்தோ வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே வளர்கிறார்கள். எட்டு மொழி பேசும் வீடுகள். காலையில் அத்தனை மொழியிலும் ஒரே நேரத்தில் அழுவார்கள். அழுகை மட்டும் எல்லா மொழியிலும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒவ்வொரு வீட்டு அழுகைக்கும் ஒவ்வொரு இழுப்பு உண்டு.

புதுப் பிள்ளை ஒன்று சேர்ந்தால் காப்பகத்தில் மற்றவர்கள் என்ன சாப்பிடும், என்ன வியாதி என்று கேட்பார்கள். நாத்தனார் ஒரு தலையணையை நீட்டுவாள். "வீட்டுல எப்படித் தூங்கவைப்பீங்க, செஞ்சு காட்டுங்க." மொழி தெரியாதவர்களுக்கும் தலையணையைக் கண்டால் புரிந்துவிடும். ஒருத்தி தலையணையின் காது இருக்கும் இடத்தைத் தேய்த்துக் காட்டினாள். ஒருத்தி பாதத்தை அமுக்கினாள். லாரி ஓட்டுகிற ஓர் அப்பா, ஆறடி ஆள், தலையணையைத் தோளில் சாய்த்து, வாசலில் போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்க, முனகிக்கொண்டே பத்து நடை நடந்தார். கடைசியில் தலையணையைப் பூப்போலத் தரையில் இறக்கிவிட்டு, பூனை மாதிரி பின்னாலேயே நகர்ந்தார். அந்தப் பையனைத் தூங்கவைக்கும்போது நாத்தனாரும் அப்படியே பின்னாலேயே நகர்வாள்.

அந்த நேரத்தில் அந்த அறையைப் பார்க்க வேண்டும். நீலத் திரையை இழுத்துவிட்டதும் வெளிச்சம் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். பத்தொன்பது சின்ன மெத்தைகள் அதில் மிதக்கும். நாத்தனார் நடுவில் முட்டி போட்டபடி ஒருத்தன் காதைத் தேய்த்து, ஒருத்தி பாதத்தை அமுக்கி, எட்டு வீட்டு முனகலையும் ஒன்றன்பின் ஒன்றாக முனகுவாள். கொஞ்ச நேரத்தில் எது எந்த வீட்டுப் பாட்டு என்று தெரியாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று போர்வை மடிக்கிற எனக்கே, கையில் இருப்பது போர்வையா மேகமா என்று தோன்றிவிடும். எத்தனை நாள் மடித்ததையே மறுபடி மடித்திருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் வீட்டிலிருந்து ஒரு துணி. அம்மாவின் பழைய சட்டை, அரைத் துப்பட்டா, தலையணை உறை, இப்படி எதுவோ ஒன்று. அதையெல்லாம் ஒரு பெட்டியில் தனித்தனியாகச் சுருட்டி வைத்திருப்பாள். எனக்காகவே பெட்டியின் கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டியிருந்தாள். சிவப்பு நூல் என்றால் துவைக்காதே என்று அர்த்தம். துணி ரொம்ப அழுக்கானால் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவாள். அம்மாக்காரி துவைத்து, இரண்டு நாள் தன்னோடு வைத்திருந்து திருப்பித் தருவாள்.

இந்த வருஷம் காப்பகத்துக்கு மார்க் போட ஆள் வருகிறது என்றார்கள். பொறுப்பாளரம்மா எங்களை உட்காரவைத்து விளக்கினார். விளையாட்டு, பேச்சு, சாப்பாடு, சுத்தம், ஓய்வு, பல வீட்டுப் பிள்ளைகளை நடத்தும் விதம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஏழு வரை மார்க். வருகிறவர் ஒரு நாள் முழுக்க ஓரமாக உட்கார்ந்து பார்ப்பார். பேச மாட்டார், சிரிக்க மாட்டார், பிள்ளையைத் தொட மாட்டார்.

"செவுரு மாதிரின்னு வெச்சுக்கோங்க" என்றார்.

"செவுத்துல கூடப் பிள்ளைங்க கிறுக்குமே" என்றாள் நாத்தனார்.

பொறுப்பாளரம்மா சிரித்துவிட்டு, பிறகு அவள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்ட சொல்லணும். ஓய்வு நேரத்துக்கு நாலுக்குக் கீழ வந்துச்சுன்னா, அந்த அறைக்குச் சான்றிதழ் படிச்ச ஆளைத்தான் வைக்கணும்னு மேல சொல்லிட்டாங்க. என் கையில எதுவும் இல்லை."

நாத்தனாரிடம் சான்றிதழ் இல்லை. பதினொரு வருஷம் அந்த அறையில் இருக்கிறாள். வெளியே வந்ததும் நான் கேட்டேன், "என்னடி பண்ணப்போற?"

"தூங்கவைக்கப்போறேன். வேற என்ன?" என்றாள்.

மார்க் போடுபவர் வருவதற்கு முந்தின நாள் காப்பகம் முழுக்கத் துடைத்தோம். எல்லாம் பளபளத்தது. அந்தப் பெட்டி மட்டும் கண்ணில் குத்திக்கொண்டே இருந்தது. திறந்தால் ஒரு புளித்த வாடை. எச்சில், மூக்குச்சளி, பால்.

நாத்தனார் என் பார்வையைக் கவனித்துவிட்டாள். "அண்ணி, அதை மட்டும் தொடாதீங்க."

"உள்ள என்ன தங்கமா வெச்சிருக்க? மூக்கு துடைச்ச துணி."

"தங்கம்னா நானே துவைக்கக் கொடுத்திருப்பேன்."

அவள் போன பிறகு நான் நின்றேன். வருகிறவர் பெட்டியைத் திறந்து மூக்கைப் பொத்தினால் யாருக்குக் கேடு? அவளுக்குத்தானே? அவள் நல்லதுக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுத்தத்துக்குத் தனி மார்க் இருக்கிறது, அது என் மார்க் என்பதும் மனசின் ஓரத்தில் இருந்தது. சிவப்பு நூலைக் கட்டியபடியே விட்டுவிட்டு, உள்ளிருந்த பத்தொன்பதையும் மெஷினில் போட்டேன். சுடுதண்ணீரில். வாசனைத் தூள் ஒரு கரண்டி கூடவே போட்டேன்.

மறுநாள் வந்தவர் முப்பது வயதுகூட இருக்காத ஒரு பெண். ஓசை வராத காலணி, மடியில் அட்டை, கழுத்தில் அடையாள அட்டை. மூலைக்கு மூலை உட்கார்ந்து எழுதினார். காலை நன்றாகவே போயிற்று. மத்தியானம் தூங்கும் அறையில் திரை இழுத்தார்கள், வெளிச்சம் தண்ணீராயிற்று. நாத்தனார் பெட்டியைத் திறந்து துணிகளைக் கொடுத்துக்கொண்டே போனாள். மூன்றாவது துணியில் அவள் கை நின்றது. எடுத்து மோந்தாள். இன்னொரு முறை மோந்தாள்.

கதவுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை அந்தப் பார்வையில். ஆறு வயதுப் பார்வை. கதவருகே வந்து மெதுவாகக் கேட்டாள்:

"மறுபடியுமா, அண்ணி?"

அந்தச் சேலையை அவள் ஒருநாளும் என்னிடம் சொல்லிக் காட்டியதில்லை. மறந்திருப்பாள் என்றே நாற்பத்தாறு வருஷமாக நினைத்திருந்தேன்.

முதலில் காதுத் தேய்ப்புக்காரன் எழுந்து உட்கார்ந்தான். துணியைத் தூக்கி எறிந்தான். பிறகு ஒருத்தி, பிறகு இன்னொருத்தி. பாதம் அமுக்கினாலும் படுக்கவில்லை, முனகினாலும் அடங்கவில்லை. எட்டு மொழி அழுகையும் கூரையில் போய் முட்டியது. மூலையில் அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்தார், எழுதினார். பேனா சத்தம் அந்த இரைச்சலிலும் எனக்குக் கேட்டது.

எனக்கு வேறு எதுவும் தெரியாது, துணி தெரியும். ஒரு துணியில் ஆள் எங்கே தங்கியிருப்பார் என்று துவைக்கிறவளுக்குத் தெரியாதா? கழுத்துப்பட்டையில்தான் தங்குவார். காலையில் வாசலில் ஒவ்வொரு அம்மாவும் குனிந்து, மேல்சட்டையின் மேல் பொத்தானைப் போட்டு, அந்த இடத்தில்தான் முத்தம் கொடுத்துவிட்டுப் போகிறாள். ஓடினேன். என் வயசுக்கு அது ஓட்டம்தான். கொக்கிகளில் தொங்கிய மேல்சட்டைகளை வாரிக்கொண்டு வந்து கதவைத் திறந்து நீட்டினேன்.

நாத்தனார் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு சட்டையின் கழுத்துப்பட்டையையும் வெளியே மடித்து ஒவ்வொரு கன்னத்துக்கு அடியிலும் வைத்தாள். லாரிக்காரர் மகனை வைத்துவிட்டுப் பின்னாலேயே நகர்ந்தாள். இரைச்சல் ஒவ்வொரு மொழியாக இறங்கிற்று. கடைசி மழை ஓட்டிலிருந்து சொட்டுகிற மாதிரி விசும்பல்கள். பிறகு அதுவும் இல்லை.

ஒருத்தி மட்டும் மிச்சம். சேர்ந்து மூன்று வாரமே ஆனவள். அவள் வீட்டு மொழி அங்கே வேறு யாருக்கும் தெரியாது. தூக்கம் வரும்போது தொண்டையில் குறுகுறுப்பாள் என்பதால் புறா என்று கூப்பிடுவோம். அவள் சட்டை புதுசு, அதில் கடை வாசனைதான் இருந்தது. புறா எழுந்தாள். மெத்தையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய், மூலையில் இருந்த அந்தப் பெண்ணின் காலடியில் போட்டாள். குப்புறப் படுத்து, காலணியின் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

சுவர் அசையவில்லை. ஆனால் சுவருக்கு வியர்த்தது.

நாத்தனார் தரையோடு தரையாகப் பக்கத்தில் போய்ப் படுத்தாள். புறாவின் அம்மா முதல் நாள் தலையணையைத் தட்டவும் இல்லை, தேய்க்கவும் இல்லை. நெற்றியில் மெல்ல ஊதிக் காட்டினாள். நாத்தனார் ஊதினாள். நெற்றி மயிர் பறந்து பறந்து படிந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. என் கையில் ஒரு போர்வை பாதி மடிப்பிலேயே நின்றது. குறுகுறுவென்று ஒரு சத்தம் வந்தது. தூங்கிவிட்டாள். நாற்பது நிமிஷம் தாமதம்.

கயிறு பிஞ்சுக் கையில் இருந்ததால் அந்தப் பெண்ணால் எழுந்திருக்க முடியவில்லை. அடுத்த அறைக்குப் போக வேண்டிய நேரம் தாண்டியும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம், பார்க்க முடியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு நேரம் உண்டாம். நாத்தனாரைக் கூப்பிட்டார். "தினமும் இப்படித்தான் அழுவாங்களா?"

ஒரு வார்த்தை போதும். அண்ணி துவைத்துவிட்டாள் என்றால் தீர்ந்தது. நாத்தனார் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "இன்னைக்கு அம்மா வாசனை இல்லைங்க. அதான்."

"வாசனைக்கு என் தாள்ல இடம் இல்லையே" என்றார் அந்தப் பெண், பாவமாக.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. "அம்மா, துவைச்சது நான். இவ வேணாம்னு சொன்னா, நான் கேக்கலை. நூல் கட்டி வெச்சிருந்தா, அதையும் மதிக்கலை. இடம் இல்லைன்னா ஓரத்துல எழுதிக்கோங்க."

"அண்ணி, சும்மா இருங்க."

"நீ சும்மா இருடி. நாப்பத்தாறு வருஷமா சும்மாதானே இருந்த?"

அந்தப் பெண் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு பத்தொன்பது பிள்ளைகளையும் பற்றி ஒவ்வொருவராகக் கேட்டார். நாத்தனார் தலையணையை எடுத்து ஒவ்வொரு அம்மாவும் அப்பாவும் செய்ததைச் செய்து காட்டினாள். லாரிக்காரர் முறை வந்தபோது சுவர் சிரித்துவிட்டது. பேனா தாளின் ஓரத்தில் வெகுநேரம் ஓடிற்று.

முடிவு வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் நாத்தனார் கண்ணை மூடவில்லை. கன்னம் ஒட்டிப்போயிற்று. பெட்டித் துணிகள் மட்டும் வீட்டுக்குப் போய், அம்மாக்களோடு தூங்கி, ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

ஒரு மத்தியானம், பிள்ளைகள் எல்லாம் தூங்கின பிறகு, பொறுப்பாளரம்மா தாளோடு தூங்கும் அறைக்கு வந்தார். குரலை மூச்சாக்கிப் படித்தார். சுத்தம், ஏழு. ஓய்வு, நாலு. ஓரத்தில் ஒரு குறிப்பு: தூங்கவைக்கத் தாமதமானது, ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் எப்படித் தூங்கும் என்று இந்த ஊழியருக்குத் தெரியும், வேறெங்கும் நான் இதைப் பார்க்கவில்லை.

நாலுக்குக் கீழே இல்லை. நாலுதான். அவள் அறை அவளுக்கே.

"உங்களுக்கு ஏழு, எனக்கு நாலு" என்றாள் நாத்தனார். "சந்தோஷமா அண்ணி?"

"கும்மித் துவைச்ச கைக்குக் கிடைச்சது" என்றேன். வேறென்ன சொல்ல?

இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டதாக எழுதட்டுமா என்கிறாள் பேத்தி. வேண்டாம். கேட்கவில்லை, அதனால் எழுதக் கூடாது.

நடந்தது இதுதான். பொறுப்பாளரம்மா போனதும் நாத்தனார் ஓரத்தில் இருந்த காலி மெத்தையில் சாய்ந்தாள். "அஞ்சு நிமிஷம், அண்ணி. பிள்ளைங்களைப் பார்த்துக்கோங்க." நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நீல வெளிச்சம் எங்கள் இரண்டு பேர் மேலும் ஏறிற்று. புறா எங்கேயோ குறுகுறுத்தாள். நாத்தனாரின் கை துழாவி, என் முந்தானையைப் பிடித்து, சுருட்டி, கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டது. காலையிலிருந்து நான் உடுத்தியிருந்த சேலை. வேர்வை, சோப்பு, ஈரம் எல்லாம் இருந்திருக்கும்.

அவள் மூச்சு நீண்டது.

அடுத்த அறையில் மெஷின் வேலை முடிந்து கூப்பிட்டது. நின்றது, மறுபடி கூப்பிட்டது. ஈரத்துணி அப்படியே கிடந்தால் வாடை பிடித்துவிடும். பிடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.