பழைய பேப்பர் கடையின் கரும்பலகை

மழை பிடித்த நாட்களில் பழைய பேப்பர்க் கட்டுகளிலிருந்து ஒரு வாசனை எழும். பாதி புளிப்பும் பாதி மண்ணுமாக மூக்கில் ஏறித் தொண்டைவரை இறங்கும். ஏழாம் வகுப்பு படித்த ஆண்டின் மழைக்காலம் முழுவதும் பள்ளி விட்டதும் நான் நேராகப் போய் அந்த வாசனைக்குள்தான் உட்கார்ந்திருந்தேன். ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் நாங்கள் குடியிருந்த "லைன் வீடுகளின்" முனையில், கம்பெனி பஸ் வந்து நிற்கும் இடத்துக்கு எதிரே, சபீரா அக்காவின் "காயலாங்கடை" இருந்தது. இரும்பையும் பிளாஸ்டிக்கையும் அவர் கணவர் பார்த்துக்கொள்வார். பேப்பர் அக்காவின் பொறுப்பு. எடைக்கு வந்த புத்தகங்களை நான் அங்கேயே உட்கார்ந்து படிப்பதை அவர் ஒருநாளும் தடுத்ததில்லை. "படி, ஆனா எடுத்த கட்டுலயே வெச்சிடு" என்பார். கடைசிப் பக்கம் கிழிந்த கதைகளையும் பழைய வார இதழ்களையும் தின்று தீர்த்த பிறகு, அட்டை போன ஒரு கம்ப்யூட்டர் புத்தகம் கையில் அகப்பட்டது. இன்று நான் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறேன் என்றால், ஒரு கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அதற்கு எப்படிக் கட்டளையிடுவது என்று அங்கே படித்துவிட்டதுதான் காரணம்.

கடை வாசலில் பேப்பர் விலை எழுத ஒரு கரும்பலகை தொங்கும். விலைக்குக் கீழே இடம் மிஞ்சும். அது காலியாகக் கிடப்பது அக்காவுக்குப் பிடிக்காது. தண்ணீர் லாரி எப்போது வரும், எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், நாளிதழில் படித்ததில் மனசில் நின்றது என்று ஏதாவது ஒன்றைத் தமிழிலும் அதன் கீழே கன்னடத்திலும் எழுதி வைப்பார். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் படித்துவிட்டு ஏறுவார்கள்.

அந்த மழைக்காலத்தில்தான் மாதேஷ் அண்ணனுக்கு விரல்கள் போயின. அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் பக்கத்து வீட்டில் தங்கி, என் அப்பா வேலை பார்த்த உதிரிபாகத் தொழிற்சாலையில் "காண்ட்ராக்டில்" சேர்ந்திருந்தார். கை உள்ளே இருந்தால் பிரஸ் மெஷினை நிறுத்திவிடும் சென்சாரை, உற்பத்தி குறைகிறது என்று அங்கே கழற்றி வைத்திருந்தார்கள். வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கின. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டார் என்று கம்பெனி சொன்னது. மாதேஷ் அண்ணனிடம் மோட்டார் சைக்கிளே கிடையாது.

கட்டுப் போட்ட கையோடு அவர் கடைக்கு வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். "அக்கா, என்னால எழுத முடியாது. நீங்க எழுதுங்க" என்றார். அக்கா பேப்பர் விலையை அழித்துவிட்டுப் பலகை முழுவதையும் எடுத்துக்கொண்டார்: "மாதேஷ் வண்டியிலிருந்து விழவில்லை. அவருக்கு வண்டி இல்லை. சென்சார் கழற்றிய மெஷினில் விரல் போனது."

மறுநாள் காலை, ஹாரன் அடித்தும் பஸ்ஸில் ஏறாமல் சிலர் பலகை முன்னால் நின்றார்கள். மாலையில் பஸ் வந்து ஆட்களை இறக்கிய நேரத்தில், கம்பெனி அதிகாரி ஒருவர் கட்டட உரிமையாளரையும் அழைத்துக்கொண்டு காரில் வந்து இறங்கினார்.

"அழிச்சிடும்மா."

"பொய்னு சொல்லுங்க சார், அழிச்சிடறேன்."

"பொய்யா நெசமான்னு நான் கேக்கல. பேப்பர் ரேட்டு எழுதற போர்டுல இதெல்லாம் என்னாத்துக்கு?"

அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதிகாரியே தன் கைக்குட்டையால் துடைத்தார். பார்த்துக்கொண்டிருந்த சீருடைக் கூட்டத்தில் என் அப்பாவும் இருந்தார். திருநெல்வேலியிலிருந்து பிழைக்க வந்தவர். "ஏட்டி, இங்க என்ன வேடிக்க? உள்ள போ" என்று என்னிடம்தான் சத்தம் போட்டார். வீட்டில் அம்மா, "வாயத் தொறக்காம இருந்தா நமக்கு ஒண்ணும் வராது" என்றாள். மாதேஷ் அண்ணனும் வாயைத் திறக்காமல்தானே வேலை பார்த்தார், அவருக்கு மட்டும் ஏன் வந்தது என்று கேட்டேன். முதுகில் ஒன்று விழுந்தது.

அக்கா மறுபடியும் எழுதினார். பலகையைப் பிடுங்கிக்கொண்டு போன பிறகு ஷட்டரில் எழுதினார். கடையைக் காலி செய்யச் சொன்னார்கள். பேப்பர்க் கட்டுகளை டெம்போவில் ஏற்றிக்கொண்டு அந்தக் குடும்பம் கிருஷ்ணகிரிக்குப் போனது. மாதேஷ் அண்ணன் அஞ்செட்டிக்கே திரும்பினார். ஆனால் அந்த வாரமே எல்லா மெஷின்களிலும் சென்சாரைச் சத்தமில்லாமல் மாட்டிவிட்டார்கள் என்று, நான் கல்லூரிக்குப் போன பிறகு அப்பா சொன்னார். படித்துவிட்டு ஏறாமல் நின்ற சிலருக்குக் கம்பெனி பயந்திருக்கிறது. அவர்கள் படித்ததை எந்தக் கைக்குட்டையாலும் துடைக்க முடியாது.

இப்போது பெங்களூரில் நான் வேலை செய்யும் நிறுவனம், ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றுக்கு ஆப் செய்து கொடுத்தது. தொழிலாளர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ள அதில் ஒரு பகுதி உண்டு. "விபத்து", "சங்கம்", "புகார்", "கழிப்பறை" போன்ற சொற்கள் வரும் பதிவுகள் எழுதியவருக்கு மட்டும் தெரிய வேண்டும், வேறு யாருக்கும் தெரியக் கூடாது, மறைக்கப்பட்டது என்ற அறிவிப்பும் வரக் கூடாது என்று கேட்டார்கள். நான் எழுத மாட்டேன் என்றேன். "இது சும்மா ஒரு ஃபில்டர். நீ ஏன் இவ்ளோ எமோஷனல் ஆகற?" என்றார் மேலாளர். வேறு ஒருவர் எழுதிக் கொடுத்தார். நன்றாகவே எழுதியிருந்தார், ஒரு பிழைகூட இல்லை. கட்டளையிடக் கற்ற கைகள் இப்படியும் கட்டளையிடும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அந்த அதிகாரி பத்துப் பேர் பார்க்க வந்து நின்று அழித்தார். அவர் முகம் எங்களுக்குத் தெரியும். இப்போது அழிப்பவனுக்கு முகமே இல்லை. பேச்சுரிமை பற்றி அலுவலகச் சுவர்களில் வாசகம் ஒட்டி வைத்திருக்கிறார்கள், வெட்கமில்லாமல்.

மத்திகிரியில் அந்தக் கடை இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. போன மாதம் டவுன் பஸ்ஸில் அந்த வழியாகப் போனபோது, எனக்கு முன் இருக்கையில், நாங்கள் ஆப் செய்து கொடுத்த தொழிற்சாலையின் சீருடையில் இரண்டு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஷிப்ட் நேரத்துல பாத்ரூம பூட்டி வெக்கறாங்கன்னு ஆப்புல போட்டன். ஒருத்தியாச்சும் என்னான்னு கேட்டீங்களா? எல்லாம் பயந்தாங்கொள்ளிங்க."

"நான் பாக்கவே இல்லடி."

"பொய் பேசாத."

நான் முன்னால் சாய்ந்து, "ரெண்டு போனையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க" என்றேன். ஒன்றில் பதிவு இருந்தது, மற்றதில் இல்லை. பதிவு போட்டவள் தோழியின் போன் திரையைக் கீழே தள்ளினாள், மேலே தள்ளினாள். எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். அவள் தோழியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அப்ப இத்தினி நாளா இவளையா நான் திட்டிக்கினு இருந்தன்" என்றாள்.