இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் செத்துப்போனதை முதலில் பார்த்தவள் நான்தான். செத்த பிறகும் அது ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான் விஷயம்.

அக்கா அப்போது சங்கரன்கோவிலிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். நான் ஐந்தாம் வகுப்பு. கம்ப்யூட்டரை இயக்கும் புது ஓ.எஸ். ஒன்றை, கடைக்கு வருவதற்கு முன்னாலேயே சோதித்துப் பார்க்கக் கம்பெனிக்காரர்கள் விட்டிருந்தார்கள். அதை அவளுடைய சீனியர் ஒருவர் டிஸ்க்கில் எழுதிக் கொடுத்திருந்தார். ஊரில் யாரிடமும் இல்லாதது நம் வீட்டில் இருக்கிறது என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பழையதை அழித்துவிட்டு அதைப் போட்டு முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆனது. அப்பா வந்து எட்டிப் பார்த்தார். பெட்டி அதே பெட்டிதானே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திரையின் வலது மூலையில் மட்டும் சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி நின்றது. இது சோதனைக்கு மட்டும், இன்ன தேதி வரைக்கும்தான் என்று அதற்கு அர்த்தமாம். பின்னணிப் படத்தை எத்தனை முறை மாற்றினாலும் அந்த வரி போகவில்லை. கடல் படத்தின் மேலும் இருந்தது, ரோஜாப்பூ படத்தின் மேலும் இருந்தது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது. அந்த மூலையில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி மறைத்து, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்தத் தேதி ஒரு கோடை விடுமுறையில் வந்தது. வீட்டில் நான் மட்டும் இருந்தேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும். திரையில் வீடு ஒன்று வரைந்து, அதற்குக் கதவு வைத்துக்கொண்டிருந்தேன். பெட்டி பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் கொடுத்துவிட்டு அடங்கியது. திரை கறுத்தது. கரண்ட் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். தினமும் பலமுறை கரண்ட் போன காலம் அது. ஆனால் தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பின் தெருவில் தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் ஊரில் கரண்ட் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள சுவிட்சைப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை, காதைக் கொடுத்தால் போதும். எல்லாமே உயிரோடு இருந்தன, அது மட்டும்தான் போயிருந்தது. கறுத்த கண்ணாடியில் என் முகமும், முதுகுக்குப் பின்னால் திறந்து கிடந்த அடுப்படிக் கதவும் தெரிந்தன. அந்தக் கதவைத் திரும்பிப் பார்க்கப் பயந்து, அக்கா வரும்வரை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அக்கா வந்து கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

“அதுக்கு ஆயுசு முடிஞ்சு போச்சு ட்டி. தேதி தாண்டிட்டுல்லா. இனிம ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் தன்னால அணைஞ்சிரும். திரும்பப் போட்டா திரும்ப ரெண்டு மணி நேரம்.”

பழையதையே போட்டுவிட வேண்டியதுதானே என்றேன். போடலாம், அவசரமில்லை என்றாள். அதோடு, இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அவசரமில்லாததற்குக் காரணம் இருந்தது. தென்காசிப் பக்கத்திலிருந்து அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை. படித்தது போதும், ஆவணியில் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று அவர்கள் சொல்ல, அப்பாவும் தலையாட்டிவிட்டார். அக்காவுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி. அவள் அழுதது யார் காதிலும் ஏறவில்லை. மாப்பிள்ளைக்கு லீவு இல்லை என்பதால் பெண்ணைக் கம்ப்யூட்டரில் பார்ப்பது என்றும், பெற்றவர்கள் நேரில் வந்து உட்கார்ந்துகொள்வது என்றும் முடிவானது. பத்தரைக்கு மேல் பதினொன்றரைக்குள் நல்ல நேரம் என்று அப்பா குறித்தார்.

அன்று காலை அக்கா தன் கைக்கடிகாரத்தை என் கையில் கட்டிவிட்டாள். சரியாக எட்டே முக்காலுக்குப் பெட்டியைப் போட வேண்டும், ஒரு நிமிடம் முன்னும் ஆகக்கூடாது, பின்னும் ஆகக்கூடாது. போட்டேன். பதினொன்றுக்குக் கால் மணி இருக்கும்போது மாப்பிள்ளை திரையில் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாயோடு அவர் இல்லாமல் போனார். ஃபேன் சுற்றியது, தறிகள் ஓடின. கறுத்த கண்ணாடியில் நாங்கள் அத்தனை பேரும் வரிசையாகத் தெரிந்தோம். எப்போதோ இறந்துபோனவர்களைப் பிரேம் போட்டு மாட்டியது மாதிரி இருந்தது. அப்பா ஓடிப்போய் மறுபடி போடுவதற்குள் மாப்பிள்ளையின் அம்மா குடிக்காத காபியைக் கீழே வைத்துவிட்டாள்.

“வெளக்கு அணைஞ்ச மாதிரில்லா இருக்கு” என்றாள்.

கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த அண்ணாச்சியை அப்பா கூட்டிவந்தார். அவர் ஒன்றரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தார், அம்மா கொடுத்த பஜ்ஜியைச் சாப்பிட்டார், ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போய் அரை மணி நேரத்தில் அது அணைந்தது. அதன்பின் அம்மா யாரையும் கேட்கவில்லை. கோவிலுக்குப் போய் ஒரு நாகத் தகடு வாங்கி உண்டியலில் போட்டாள். புற்றுமண் கொண்டுவந்து தண்ணீரில் குழைத்து அக்காவின் நெற்றியில் பூசினாள். மிச்சத்தைக் கம்ப்யூட்டர் பெட்டியின் நெற்றியில் மூன்று விரலால் இழுத்துவிட்டாள். எங்கள் ஊரில் எதற்கும் அதுதான் மருந்து.

மறு வாரம் தென்காசிக்காரர்கள் பெரிய மனது பண்ணி இன்னொரு முறை வந்தார்கள். நான் இன்னொரு முறை கடிகாரம் கட்டிக்கொண்டேன். பூசிய புற்றுமண்ணோடு அது அணைந்ததைப் பார்த்ததும், செய்தவளான எனக்கே உடம்பு சிலிர்த்தது. செருப்பு மாட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

“மெஷின் கோளாறு இல்ல இது. இவ ஜாதகத்துல நாகம் கிடக்கு” என்றாள் அம்மா.

தெருவில் அது பரவ அரை நாள்கூட ஆகவில்லை. அக்கா அசரவில்லை. தோஷம் என்றே இருக்கட்டும், படிப்பு முடிகிறவரை அதுதான் தனக்குக் காவல் என்று என் காதில் சொன்னாள். அவளும் நானும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தோம். என்னிடம் சொல்லாமல், நான் பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு நாளில் அவள் அந்தச் செத்த ஓ.எஸ்.ஸை அழித்துவிட்டுப் பழையதையே போட்டுவிட்டாள். டிஸ்க்கை மட்டும் தூக்கிப்போடாமல் தன் அலமாரியில் வைத்திருந்தாள்.

படிப்பு முடிந்த பிறகு திருவேங்கடத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அந்த டிஸ்க்கைக் கொடுத்தாரே, அந்த சீனியர்தான் மாப்பிள்ளை. பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்ததால் அவருக்கும் லீவு இல்லை. தோஷத்தைச் சொல்லித் தயங்கிய அப்பாவைச் சம்மதிக்க வைக்க அக்கா எவ்வளவு கெஞ்சினாள், தோஷமெல்லாம் பொய் என்று அந்த சீனியர் தன் வீட்டாரிடம் எவ்வளவு வாதாடினார் என்பதெல்லாம் பின்னால் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது மூடிய அறையும், வீங்கிய கண்ணோடு வெளியே வந்த அக்காவும்தான். இந்த மாப்பிள்ளையும் வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இந்த முறை கடிகாரத்தை என்னிடம் தராததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

அன்று அவள் காலை ஆறு மணிக்கே பெட்டியைப் போட்டு, பெண் பார்க்க வந்தவர்கள் உட்காரும்வரை அதன் பக்கத்தை விட்டு நகரவில்லையாம். திரையில் அவர் வந்தார். அவருடைய அப்பா எங்கள் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அக்கா தலைநிமிர்ந்து திரையைப் பார்த்தாள். பெட்டி பெருமூச்சு விட்டது. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பின் தெருவில் தறிகள் ஒரு தட்டுக்கூடத் தப்பாமல் ஓடிக்கொண்டிருந்தன.

நான் பாய்மேல் நகர்ந்துபோய் அக்காவை ஒட்டி உட்கார்ந்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் கையைப் பிடித்தேன். கை சில்லிட்டிருந்தது.

“எக்கா, எத்தன மணிக்குப் போட்ட?” என்று காதில் கேட்டேன்.

கறுத்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம்கூட மறைக்கிறாளே என்று கோபம் வந்து, அதன்பின் இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை.