ரிஸ்வான் வந்து திறக்கட்டும் என்று விட்ட கியர்பெட்டி

ரிஸ்வான் இறந்துவிட்டான்.

விடியப்புறம் புத்தளத்திலிருந்து அவன் மகளின் வொய்ஸ் மெசேஜ். "மாமா… வாப்பா சுபஹுக்கு எழும்பல்ல. மௌத்தாகிட்டாங்க. ளுஹரோட அடக்கம்."

சுபஹு என்றால் விடியல் தொழுகை, ளுஹர் என்றால் மதியத் தொழுகை. கையில் அகப்பட்ட சேர்ட்டைப் போட்டுக்கொண்டு யாழ்ப்பாணத்தில் கிடைத்த கொழும்பு பஸ்ஸில் ஏறிவிட்டேன், அது புத்தளத்தால்தான் போகும்.

முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். பஸ்காரன் ஊர் ஊராக நிறுத்தி ஆட்களை ஏற்றுகிறான்.

அவனும் நானும் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஒரு சீமெந்து ஸ்டோரில், மூட்டை தூக்கும் ஒரே ஃபோர்க்லிஃப்டை மாறி மாறி ஓட்டியவர்கள். அவன் தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது குடும்பத்தோடு யாழ்ப்பாணத்தை விட்டுத் துரத்தப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்த பிறகு தனியே திரும்பி வந்தவன்.

"அங்கை என்னை யாழ்ப்பாணத்தான் எண்டுறாங்கள், இங்கை புத்தளத்தான் எண்டுறியள். எனக்கெண்டு ஒரு ஊர் ஒதுக்கித் தாங்கோவனடா" என்பான். சிரித்துக்கொண்டுதான் சொல்லுவான்… எங்களுக்குத்தான் சிரிப்பு வராது.

ஒரு சரஸ்வதி பூசைக்கு நான் ஃபோர்க்லிஃப்டுக்குச் சந்தனம் வைத்து, பூ மாலை போட்டேன். மறுநாள் பார்த்தால் இவன் செருப்பைக் கீழே கழற்றி வைத்துவிட்டு ஏறுகிறான்.

"உன்ரை சாமி இருக்கிற இடம் மச்சான். எனக்கேன் பொல்லாப்பு?"

அவன் கழற்றிய பிறகு நான் எந்த முகத்தோடு செருப்புடன் ஏறுவது? நானும் கழற்றினேன். (தெரியும், வெறுங்காலோடு ஓட்டக்கூடாது. கமென்ட்டில் வந்து வகுப்பு எடுக்க வேண்டாம்.)

அடுத்த கிழமையே வண்டி மக்கர் பண்ணத் தொடங்கியது. காலையில் நல்ல பிள்ளை… வெயில் ஏறி எஞ்சின் சூடானதும் இழுக்காது, எஞ்சின் மட்டும் உறுமும்.

ஓட்டோமேட்டிக் கியர். மெக்கானிக் கொழும்பிலிருந்து வர வேண்டும், நாங்களே பார்ப்போம் என்று இறங்கினோம்.

கியர் எண்ணெயின் அளவு பார்த்தோம், சரி. மணந்து பார்த்தோம், கருகிய மணம். எண்ணெயை மாற்றி வடிகட்டியைக் கழுவிப் போட்டோம். மத்தியானம் ஆனதும் அதே கதை.

கிளச் தட்டுப் போய்விட்டது, முழுப் பெட்டியையும் இறக்குவோம் என்று நான் ஸ்பானரோடு நின்றேன். "பொறு, ஒருக்கா ஓட்டு" என்று சொல்லிவிட்டு ரிஸ்வான் கூடவே நடந்து வந்தான்.

திடீரென்று சீமெந்துத் தரையில் குந்திவிட்டான். சிரிப்பு. மூச்சு வாங்கச் சிரிப்பு.

"உன்ரை இடக்கால் எங்கையடா நிக்குது?"

பார்த்தேன். இடப்பக்கப் பெடலில்.

வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்துவதற்கான பெடல் அது. லேசாக அழுத்தினாலே கியர் பிடி விட்டுவிடும். எஞ்சின் சூட்டில் கால் வைக்கும் கீழ்த்தகடு கொதிக்க, எங்கள் வெறுங்கால் இரண்டு பேருக்கும் தெரியாமலே அந்தப் பெடலின் மேல் ஏறி நின்றிருக்கிறது.

"வாகனத்திலை பழுதில்லை மச்சான். நாங்கள்தான் பழுது."

அதற்குப் பிறகும் செருப்பைப் போடுவோம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. தகட்டில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு ஓட்டினோம்.

மகள் பெரிய வகுப்புக்கு வந்ததும் அவள் படிப்புக்காக அவன் புத்தளம் போய்விட்டான். போனாலும் விடமாட்டேன்… வண்டி ஒரு சத்தம் போட்டால் வீடியோ கோல் எடுத்து, போனைக் கியர்பெட்டிக்குப் பக்கத்தில் பிடிப்பேன். "கொஞ்சம் தள்ளிப் பிடியடா, நீ மூச்சு விடுறதுதான் கேக்குது" என்பான்.

போன மாதம் வண்டி உண்மையாகவே இழுக்கவில்லை. செருப்போடு ஏறியும் பார்த்தேன், இழுக்கவில்லை. அவனுக்குச் சொன்னேன்.

"திறக்காதை. நான் வாறன், ரண்டு பேருமாத் திறப்பம்."

சரி என்று மூலையில் நிறுத்திவைத்தேன். முதலாளி ஒவ்வொரு நாளும் திட்டினார், பெடியங்கள் மூட்டைகளைத் தோளில் சுமந்து என்னைத் திட்டினார்கள்.

உண்மையைச் சொன்னால் அதைத் தனியாகத் திறக்க எனக்குத் தெரியும். திறந்து சரிவந்துவிட்டால் அவன் வரமாட்டானே… அதுதான். எனக்கு அவனைப் பார்க்க வேண்டும் போல் இருந்தது.

இவ்வளவையும் எழுதி முடிக்க அனுராதபுரம் வந்துவிட்டது. மகள் இப்போதுதான் மெசேஜ் போட்டாள்.

"மாமா, அடக்கியாச்சு. நீங்க ஆறுதலா வாங்க."

இனி முகம் பார்க்க முடியாது. இறங்கி அப்படியே யாழ்ப்பாணம் திரும்பலாம், எதிரே பஸ் நிற்கிறது.

"அண்ணை, புத்தளம்தானே?" என்று கொண்டக்டர் கேட்டான்.

ஓம் என்றேன்.

வாறன் மச்சான்.