நான்காவது கார்டு

டெல்லி ஆர்.கே.புரத்துத் தமிழ் வியாபாரிகள் மாதம் ஒருமுறை ஒரு மண்டபத்தில் கூடி, காலைச் சிற்றுண்டியோடு ஒருவருக்கொருவர் அறிமுகமாகிக்கொள்வார்கள். மருமகன் இழுத்துப் போனதால் நானும் ஒரு ஞாயிறு போனேன். முதலாளிகள் இருபத்தாறு பேர். சட்னிக் கிண்ணம் ஒன்று.

அங்கேதான் அந்த ஓட்டல்காரரைச் சந்தித்தேன். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனக் கீற்று. யாரைக் கண்டாலும் பிரசாதம்போல இரு கைகளாலும் விசிட்டிங் கார்டு கொடுப்பார். கொடுத்த முகம் அவருக்கு நினைவிருக்காது. அன்று காலைக்குள் எனக்கு மட்டும் மூன்று கொடுத்திருந்தார்.

தோசை மாஸ்டர் வேலையை விட்டுப் போனதிலிருந்து அவர் கடையில் தோசையே கிடையாதாம். வாடிக்கையாளர்கள் எதிர்க்கடைக்குப் போகிறார்களாம். "கைத்திறமை மட்டும் போதாது சார், தொழில்ல பேஷன் வேணும், ஒரு வெறி வேணும்" என்று மேடையில் உருகினார். பேஷன் ஏழு முறை வந்தது.

அன்று மண்டபத்தில் போட்ட தோசை நன்றாகவே இருந்தது. "இதைச் சுடுகிறவரைக் கேளுங்களேன்" என்றேன். என்னையும் இழுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடி, அங்கிருந்தவரிடம் கார்டை நீட்டினார்.

"மாஸ்டர்ஜி, உங்க கையில பேஷன் தெரியுது. எங்கிட்ட வர்றீங்களா?"

மாஸ்டர் தோசையைத் திருப்பிவிட்டுத்தான் நிமிர்ந்தார். "உங்ககிட்டதான் சார் ரெண்டு வருசம் இருந்தேன். போன மாசம்தான் நின்னேன்."

ஓட்டல்காரர் கூசிப்போவார் என்று எதிர்பார்த்தேன்.

"அச்சா, அப்ப இடம் தெரியும்ல. நாளைக்கே வந்துடுங்க."

"வேணாம் சார்." மாஸ்டர் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துவிட்டு, ஓட்டல்காரர் என் பக்கம் திரும்பி இரு கைகளாலும் நீட்டினார். "சார், நாம இன்னும் அறிமுகம் ஆகலையே?"

நான்கையும் வைத்திருக்கிறேன். எதற்கென்றுதான் தெரியவில்லை.