மாயக்காளின் ஏற்ற வைத்தியம்

மேலூருக்கு வடக்கே இருக்கும் எங்கள் ஊரில் மாயக்காளைப் பைத்தியக்காரி என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

1934இல் அவள் புருஷன் முத்துக்கருப்பன் படுத்த படுக்கையாகிவிட்டார். காலராவில் தம்பி போன நாளிலிருந்து பேச்சில்லை, குளிப்பில்லை. ஊட்டினால் இரண்டு வாய் கஞ்சி, அவ்வளவுதான். கோடாங்கியை அழைத்து உடுக்கடித்துப் பார்த்தாயிற்று, மந்திரித்தும் பார்த்தாயிற்று. ஐந்து மாதம் பொறுத்த அவருடைய சித்தப்பா பேயாண்டி, "வெள்ளிக்கிழமை வண்டியோட வாரேன். ஏதாச்சும் கோயில்ல கொண்டுபோய்ச் சங்கிலி போட்டு விட்டுருவோம்" என்று சொல்லிவிட்டார். அப்படிப் போனவர்கள் திரும்பி வந்ததை ஊரில் யாரும் பார்த்ததில்லை.

மாயக்காளுக்கு ஆறு நாள் இருந்தது. "மனசு எந்திரிக்க மாட்டேங்குது. ஒடம்பை எந்திரிக்க வச்சா அது பின்னாடியே வந்துட்டுப் போகுது" என்றாள். விடிந்ததும் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். ஏற்றம் மிதிப்பதில் அவர் ஒரு காலத்தில் பெரிய கெட்டிக்காரர். ஏற்ற மரத்தின் மேல் முன்னும் பின்னும் நடந்தால், கிணற்றுக்குள் தண்ணீர் மொள்ளும் பெரிய வாளியான சால் இறங்கும், ஏறும். முதல் நாள் மரத்தைத் தொட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் நாள் ஏறி நின்றார். ஐந்தாம் நாள் பத்துச் சால் இறைத்தார். கீழே நின்று சாலைப் பிடித்து வாய்க்காலில் தண்ணீரை ஊற்றி, சாலுக்கு ஒரு எண்ணாகப் பாடியவள் அவள்தான். பொம்பளை சால் பிடிக்கிறாளே, பைத்தியக்காரி என்று ஊரே சிரித்தது.

வெள்ளிக்கிழமை பேயாண்டி வண்டியோடு வந்து நின்றபோது முப்பதாவது சால் ஏறிக்கொண்டிருந்தது. நானும் கிணற்றடிக்கு ஓடினேன். முத்துக்கருப்பனின் முதுகில் வேர்வை வழிந்தது, கால் தடுமாறவே இல்லை. மாயக்காளோ வண்டியையே பார்த்துக்கொண்டு பாடியதில் எண்ணிக்கையைத் தவறவிட்டாள். முப்பத்தொன்பதுக்குப் பிறகு மறுபடி முப்பது என்று பாடினாள்.

மரம் நின்றது. பேயாண்டி அவரைக் கட்டக் கொண்டுவந்த கயிற்றைக் கையில் எடுத்தார்.

"முப்பது அப்பவே போச்சுல்ல. நாப்பதுன்னு பாடு" என்றார் முத்துக்கருப்பன்.

ஐந்து மாதத்துக்குப் பிறகு கேட்ட குரல். மாயக்காள் வாய்க்கால் ஓரத்திலேயே உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். பாட்டு மட்டும் வரவில்லை. சந்தோஷத்தில் எனக்கும் கண் கலங்கிவிட்டது.

"முத்து, போதும்ப்பா, எறங்கி வா" என்றார் பேயாண்டி.

"நூறு முடியட்டும் சித்தப்பா. பயிரு காயுது. சும்மா நிக்கிறதுக்கு அந்தச் சாலைப் புடிங்க."

பேயாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து சாலைப் பிடித்தார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு நாற்பது என்று பாட, மரம் மறுபடி அசைந்தது.