மலாயாக் கம்பி பிரஷ்

காங்கேசன்துறைப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு பாண்ட் இருந்தது. ஒரு வயலின், ஒரு ஹார்மோனியம், ஒரு ட்ரம். ட்ரம் நான். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், வீட்டுக் கலியாணங்களுக்கு மூன்று பேரும் ஒரே துணியில் தைத்த கோட்டுடன் போவோம். என் வாசிப்பைப் பற்றி ஊரில் இரண்டு கருத்து இருந்ததில்லை.

வயலின்காரர் ஒரு வாத்தியார், பாண்டுக்குத் தலைவரும் அவர்தான். ஒரு கலியாணத்தில் தன் வயலின் தனக்கே கேட்கவில்லை என்று கண்டவர், என்னைத் தனியே அழைத்து நிதானமாகச் சொன்னார்.

"தம்பி, ஆவணிக் கலியாணத்திலையும் உப்பிடித்தான் அடிக்கப்போறீர் எண்டால் பிறகு நீர் வரவேண்டாம். கோட்டை மட்டும் அனுப்பிவிடும். அளவான ஆள் ஆரும் கிடைப்பான்."

மலாயாவில் வேலை பார்த்துப் பென்சனோடு திரும்பிய மாமாவின் டிரங்குப் பெட்டியில்தான் எனக்கு வழி பிறந்தது. இரண்டு இரும்புக் குழாய்கள். வால்பக்க வளையத்தைத் தள்ளினால் மெல்லிய கம்பிகள் விசிறிபோல் விரியும், இழுத்தால் உள்ளே ஒளிந்துகொள்ளும். அங்கே ஹோட்டல் பாண்டுக்காரர் ட்ரம்மை அடிப்பதில்லையாம், இந்தப் பிரஷ்ஷால் தடவுவார்களாம். மாமா அதை ஈ கலைக்க வைத்திருந்தார்.

தடவிப் பார்த்தேன். சுளகில் அரிசி கொழிப்பது போன்ற சத்தம். மலாயாச் சாமான் வந்திருக்கிறது என்று வாத்தியாரிடம் சொல்லிவைத்தேன். இனி அவர் என்ன சொல்ல முடியும் என்ற துணிவில் பயிற்சியைக் குறைத்துக்கொண்டு மற்ற உபயோகங்களைக் கண்டுபிடிக்கலானேன். முதுகு சொறிந்தேன். சைக்கிள் செயினில் மண் தட்டினேன். திருவலைப் பல்லில் சிக்கிய தேங்காய்ப்பூ எடுத்தேன். இதே ஒழுங்கில் அல்ல என்று நம்புகிறேன்.

கலியாணத்துக்கு முதல்நாள் அக்கா, பனங்களியை வெயிலில் காயவைத்துப் பனாட்டுப் போடப் பனம்பழம் பிசைந்துகொண்டிருந்தாள். களிக்குள் தும்பு போகிறது என்று அலுத்துக்கொண்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். இரண்டு பிரஷ்ஷையும் விரித்துக் களியை வாரிக் காட்டினேன். தும்பெல்லாம் கம்பியோடு வந்துவிட்டது.

"உன்ரை மேளத்தாலை இப்பதான் ஒரு பிரயோசனம்" என்றாள் அக்கா.

அந்தப் பெருமையில், தும்பை உருவிவிட்டு, கம்பி வளையக்கூடாதே என்று கழுவாமலே குழாய்க்குள் இழுத்துக் கோட்டுப் பைக்குள் வைத்தேன்.

மறுநாள் வேதக் கோயிலிலிருந்து திரும்பிய மணமக்கள் வீட்டு வாசல் படலையடிக்கு வந்ததும் வாத்தியார் வில்லைத் தூக்கினார். நான் வளையத்தைத் தள்ளினேன். கம்பி வரவில்லை. மற்றதைத் தள்ளினேன். அதுவும் வரவில்லை. பனங்களி காய்ந்து பசையாகிக் கம்பிகளைக் குழாயோடு ஒட்டிவிட்டிருந்தது. முழங்காலில் வைத்து அமுக்கியதில் வளையம்தான் கழன்றது. பழைய ட்ரம் தடிகளை எடுத்தால் கோட்டுப் போய்விடும்.

பின்னால் கதவு மூலையில் ஈர்க்குமாறு ஒன்று நின்றது. இரண்டு பிடி ஈர்க்கு உருவித் தடவினேன். வயலின் அன்றுதான் முதன்முதலாக எனக்குக் கேட்டது. வாத்தியார் நன்றாகவே வாசித்தார்.

மாப்பிள்ளையின் பெரியம்மா மட்டும் என் கையைப் பார்த்துவிட்டார். அந்தக் குடும்பம் வேதத்துக்கு மாறி மூன்று தலைமுறை. ஆனால் நல்ல காரியத்தில் விளக்குமாறு கண்ணில் படக்கூடாது என்பதை மட்டும் யாரும் கைவிடவில்லை.

"பொம்பிளை படியேறேக்கை விளக்குமாத்தோடை நிக்கிறான். ஆர் உவன்?"

வாத்தியார் வில்லை நிறுத்தவில்லை.

"அது மலாயாச் சாமான், அக்கா. அங்கை இதாலைதானாம் வாசிக்கிறது."

பெரியம்மா கிட்ட வந்து பார்த்தார். "மலாயாவோ" என்றார். பிறகு, முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு வாத்தியார் என் கோட்டில் ஒட்டியிருந்த ஈர்க்குத் துண்டு ஒன்றைத் தட்டிவிட்டார். ஒரு பக்கப் பையில் எறும்பு ஊர்வதையும் கண்டார்.

"கோட்டு உம்மோடையே இருக்கட்டும்" என்றார். "வேறை ஒருத்தரும் இனி உந்தக் கோட்டைப் போடமாட்டினம்."