வெளியில் தெரியாத சிவப்பு

மாத்தளையில் ஒரு புடவைக் கடை விற்பனையாளர் அவர். சிவப்பையும் பச்சையையும் அவர் கண் பிரித்தறியாது. புடவையை விரித்துவிட்டு, "நீங்களே சொல்லுங்க, என்ன கலர்?" என்று சிரிப்பார். வாங்க வந்தவர்கள் அதை மரியாதை என்று நினைத்தார்கள்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸுக்குச் சாயம் ஏற்றுகிறேன். ஒரு நாள் அவர் அங்கே வந்தார். நிறத்தைப் பிரித்துக் காட்ட நான் செய்த சிவப்புக் கான்டாக்ட் லென்ஸை ஒரு கண்ணுக்குள் போட்டதும், தெருவில் பச்சை இலைகளோடு குவிந்திருந்த சிவந்த ரம்புட்டான் பழங்களையே பார்த்து நின்றார். பிறகு நிலைக்கண்ணாடியில் தன் கண்ணைப் பார்த்தார். அதுவும் சிவப்பாக இருந்தது.

"வெளிய தெரியாம செய்ய ஏலாதா தம்பி? மொதலாளி பாத்தா விசயம் தெரிஞ்சி வேல போயிரும்."

"சாயத்தக் கொறச்சா ஒங்களுக்கும் செவப்பு தெரியாதுங்க."

கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தங்கையின் கூறைப்புடவைக்கு அவர் கடைக்கே போனோம். முதலாளி பக்கத்திலேயே நின்றார்.

"அந்தச் சிவப்ப எடுங்க" என்றாள் தங்கை.

அவர் கை சிவப்பு, பச்சை என இரண்டு புடவைகளுக்கு நடுவே நின்றது. என்னைப் பார்த்தார். நான் இடப்பக்கம் பார்த்தேன். கை அங்கே போனது.

நாங்கள் போன பிறகு, அடுத்த சிவப்புக்கு யார் கண்ணைப் பார்த்தாரோ!